பெரியவர் சொன்ன சொல்

அன்று குத்துச்சண்டைக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். மிர்செட்டா என்கிற நான். இறந்துபோன என் தம்பியின் மகன் பால்ஷா, வயது இருபத்துநான்கு. அவனோடு மோதிய சாவோ. சாவோவின் தந்தை கிர்ஸ்டோ, அவருடைய மூத்த மகன்கள் இருவர். நடுவர் வூலே. வேதியியல் ஆசிரியை யெலிசாவா, அவர் வகுப்பு மாணவர்கள். வேறு யாரும் இல்லை.

எங்கள் நிக்‌ஷிச் நகரக் கூடத்தில் கையுறைக்குள் இருக்கும் துணிக்கட்டை யாரும் சோதிப்பதில்லை. வீட்டுப் பெரியவர் எழுந்து நின்று, "கை சுத்தம்" என்பார். உள்ளே எதையும் மறைக்கவில்லை என்று அர்த்தம்; அது போதும். என் தந்தை சொன்னார், அவருக்குப் பின் நான். அந்த வார்த்தையை ஒருவரும் சந்தேகித்ததில்லை. அன்றும் பால்ஷாவுக்காக நான் சொன்னேன். சாவோவுக்காகக் கிர்ஸ்டோ சொன்னார்.

யெலிசாவா சனிக்கிழமைகளில் வகுப்பைக் கூடத்துக்கே அழைத்துவருவார். கரும்பலகையில் சொன்னால் தூங்குகிற பிள்ளைகள் இங்கே கண் கொட்டாமல் கேட்டார்கள். முந்தின வாரம், எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பால்ஷாவின் உள்ளங்கையில்தான் வைத்துக் காட்டினார். "இறுக இறுகச் சூட்டை வெளிய விடும். தொட்டுப் பாருங்க." பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டார்கள். பால்ஷா சிரித்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. முதல் சுற்றில் சாவோ எங்கள் பையனின் மூக்கை உடைத்தான். இரண்டாம் சுற்றில் பால்ஷாவின் வலக்கைக் குத்தின் கனமே மாறிப்போனது. முதல் குத்தில் சாவோவின் புருவம் கிழிந்து, கண் ரத்தத்தில் மூழ்கியது. அடுத்ததில் இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. மூன்றாவது குத்தில் தாடை உடைந்த சத்தம் சுவரோரம் நின்ற எனக்கே கேட்டது. சாவோ முகம் குப்புற விழுந்தான். நான் பெருமையாக நிமிர்ந்து நின்றேன்.

யெலிசாவா ஓடிப்போய், குளிர்ப்பையை முழங்காலில் அடித்து, உள்ளே இருந்த தண்ணீர் உறையை உடைத்து, சாவோவின் தாடையில் வைத்தார். அப்போதும் பாடத்தை விடவில்லை. "உள்ள இருக்கிற உப்பு கரையறதுக்குச் சூடு வேணும். சுத்தி இருக்கிற சூட்டை உறிஞ்சிக்குது. அதான் சில்லுனு ஆகுது."

"டீச்சர், எனக்கும் ஒண்ணு குடுங்க. கை எரியுது," என்றான் பால்ஷா. கையுறையை மார்போடு அணைத்திருந்தான்.

"அடி வாங்கினவன் அங்க கெடக்கான், அடிச்ச மகாராஜாவுக்கு எரியுதாம்!" என்றார் வூலே.

யெலிசாவா கையுறையின் வாய்க்குள் விரலை விட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அடிச்ச கை சுடும். இப்படிச் சுடாது. போன வாரம் நான் என்ன காட்டினேன், பால்ஷா?"

அவன் கையுறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பின்னால் ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: "மாவு."

கிர்ஸ்டோ மகனை விட்டு எழுந்தார். "மிர்செட்டா, நீ சுத்தம்னு சொன்னே."

கையுறையை நானே கழற்றினேன். துணிக்கட்டு கல்லாக இறுகியிருந்தது. கத்தரியால் பிளந்தபோது வெள்ளைத் துண்டுகளோடு தோலும் உரிந்து வந்தது. அடியில் கொப்புளங்கள். பொடியைத் துணி மடிப்பில் தூவி, கையுறை போடும் முன் தண்ணீரில் நனைத்திருக்கிறான்.

கிர்ஸ்டோவின் மகன்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினார்கள்.

"நில்லுங்கடா!" என்றேன். "அவன் எங்க வீட்டுப் பையன்." பிறகு ஆசிரியையிடம், "பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"ஐயா, வேணாம். போலீசுக்குச் சொல்லலாம்..."

"போங்கம்மா."

அவர்கள் போனார்கள். பால்ஷா என்னைப் பார்த்தான். "பெரியப்பா, அவன்கிட்ட எத்தனை தடவைதான் தோக்கறது? ஒரே ஒரு தடவை..."

"என் வாயால சுத்தம்னு சொல்ல வெச்சியேடா. கையை வை."

"பெரியப்பா..."

"வை."

மேடை விளிம்பில் வைத்தான். பயிற்சிக்குத் தூக்கும் இரும்பு எடையை எடுத்து அடித்தேன். அலறினான், ஆனால் கையை இழுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தேன்.

கிர்ஸ்டோ மகன்களின் கையிலிருந்த முக்காலியை வாங்கிக் கீழே வைத்தார். "போதும்," என்றார். சாவோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இனி எங்கள் வீட்டில் யாருக்காகவும் எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அதை நானே வூலேயிடம் சொல்லிவிட்டேன்.

கிர்ஸ்டோவின் மகன்கள் உடை மாற்றும் அறையில் பால்ஷாவை மடக்கிக் கையை உடைத்தார்கள் என்று ஊரில் பேச்சு. அவர்கள் அவனைத் தொடவில்லை. உடைத்தது நான்.