மூன்று வருடம் கழித்துத் திறக்கவும்

உறையைச் சவப்பெட்டிக்குள் தள்ளும்போது அதன் மூலை ஜெபமாலையில் சிக்கியது. கால்வின் ஒரு கையால் பெர்னியின் விரல்களைத் தூக்கி, இன்னொரு கையால் மணிகளை விலக்கினான். விரல்கள் அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தன. உறை அடியில் போயிற்று. அதன் வெள்ளை ஓரம் மட்டும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ள," என்றார் மாமனார் ஃப்ளோரியன். "நாளைக்கு மூடும்போது வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது."

கால்வின் இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

யோசனை அவருடையதுதான். மகள் கடைசியாக எழுதிய உறை மகளோடே போகட்டும் என்று காலையில் போனில் சொன்னார். கால்வின் உடனே சரி என்றான். மருமகன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "யோசிச்சுச் சொல்லு," என்றார். "யோசிச்சாச்சு," என்றான்.

மண்ணுக்குள் போய்விட்டால் அதை யாரும் திறக்கப்போவதில்லை.

இரண்டு மணியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இறுதிச்சடங்கு இல்லத்தின் பச்சைக் கம்பளத்தில் வரிசை வாசல்வரை நின்றது. பாதிப் பேர் டைக்கு மேல் ஊர்க் கால்பந்து அணியின் நீலச் சட்டையைப் போட்டிருந்தார்கள். பெர்னியின் கழுத்திலும் நீல மஃப்ளர்தான். அவள் எட்டு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு ரேடியோவில் வழி சொல்லிக்கொண்டிருந்தவள். முப்பத்துநான்கு வயது. ஓட்டுநர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சவப்பெட்டி முன்னால் மண்டியிடுவார்கள், சிலுவை போடுவார்கள், எழுந்து கால்வினின் கையைப் பிடிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றையே கேட்பார்கள்.

"ரெண்டாவது ரவுண்டுல பன்ட்டரு! பெர்னி என்ன மார்க் போட்டா?"

"தெரியாது. ஒட்டியாச்சு," என்றான் கால்வின், ஒவ்வொருவரிடமும்.

டோலரெஸ் என்ற ஓட்டுநர் அவன் கையை விடவில்லை. "அவ காதுல அதைப் போட்டீங்களா, என்ன? அதுலயே உயிர் போயிருக்கும்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

"பரவாயில்ல," என்றான் கால்வின்.

அமெரிக்கக் கால்பந்தில் ஏப்ரல் கடைசியில் வரும் டிராஃப்ட் மூன்று நாள். கல்லூரியில் ஆடி முடித்தவர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும். மறுநாளே பத்திரிகைகள் மார்க் போட்டுவிடும். அதைப் படிக்கிறவன் முட்டாள் என்பது இந்தக் குடும்பத்தின் கொள்கை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஆடுவானா மாட்டானா என்று தெரிய மூன்று வருடம் ஆகும். ஆகவே ஃப்ளோரியனும் மகன் கேஸும் மகள் பெர்னியும் அன்றன்றே ஆளுக்கொரு தாளில் மார்க் எழுதி, உறையில் போட்டு, ஒட்டிவிடுவார்கள். முன்பக்கம், மூன்று வருடம் கழித்துத் திறக்கவும் என்று எழுதுவார்கள். பின்பக்கம், திறக்கும்போது யார் யார் இருக்க வேண்டும் என்று பெயர்கள். மூன்றாம் வருடச் சனிக்கிழமை, கடைசி ரவுண்டு முடிந்ததும் திறப்பார்கள். யார் மார்க் உண்மையிலிருந்து அதிகம் விலகியிருக்கிறதோ, அந்த ஆள் அடுத்த குளிர்காலத்தின் முதல் பனியை மூன்று வீட்டு வாசலிலும் அள்ள வேண்டும். ஃப்ளோரியன் முப்பது வருடம் நகராட்சிப் பனிவண்டி ஓட்டியவர். அவருக்குத் தெரிந்த ஒரே தண்டனை அதுதான். கேஸ் நான்கு வருடமாக அள்ளுகிறான்.

கால்வின் அந்த ஆட்டத்தில் இல்லை. அவன் வெளியூர்க்காரன், உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். கல்யாணமான முதல் வருடம் ஒரு தாளை எடுத்து அவனும் உட்கார்ந்தான். பெர்னி பிடுங்கிவிட்டாள். "மார்க் போடறதெல்லாம் உன் ஸ்கூலோட வச்சுக்க. அங்க தப்பாப் போட்டா பசங்க பாவம்னு போயிடும். இங்க தப்பாப் போட்டா பனி அள்ளணும், ராசா."

இந்தத் தடவை அணிக்கு முதல் ரவுண்டில் வாய்ப்பே கிடையாது. போன வருடமே விற்றுவிட்டார்கள். எல்லா நம்பிக்கையும் வெள்ளிக்கிழமை இரண்டாம் ரவுண்டில் இருந்தது. பெர்னி குளிர்காலம் முழுக்க ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்லோ டிப்டன். இடது டாக்கிள். பந்தெறிகிறவன் திரும்பிப் பார்க்க முடியாத பக்கத்தில் நின்று, அவனை அடிக்க வருகிறவர்களைத் தடுக்கிற ஆள். கீமோ ஏறும்போது டிப்டனின் வீடியோக்களைப் பார்ப்பாள். "காலைப் பாரு, காலைப் பாரு," என்பாள். கால்வின் பார்ப்பான். பெரிய கால்.

வெள்ளிக்கிழமை இரவு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கால்வின் டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அணியின் முறை வந்தபோது டிப்டன் இன்னும் மிச்சமிருந்தான். அவனை விட்டுவிட்டு ஒரு பன்ட்டரை எடுத்தார்கள். பந்தை உதைத்துத் தள்ள ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து தடவை உள்ளே வருகிற ஆள். அடுத்த நிமிடமே டிப்டனை வேறு ஊர் கொண்டுபோயிற்று.

கால்வின் டிவியை நிறுத்தினான். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவள் கண் திறந்து முதலில் கேட்டது அதைத்தான்.

"யாரு?"

"டிப்டன்," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவள் முகத்தில் இல்லாதது ஒன்று வந்தது.

"நெஜமாவா?"

"நெஜமா. நாப்பத்தேழாவது பிக்."

"ஏ," என்றாள். "இல்ல. ஏ பிளஸ். தாள் குடு. உறையும் குடு."

கொடுத்தான். உதடு காய்கிறது, ஐஸ் வேண்டும் என்றாள். கூடத்தின் கோடியில் இருந்த இயந்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தபோது உறைக்குள் தாள் போயிருந்தது. மூடியை நாக்கால் நனைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கில் ஈரமில்லை. அவன் கொடுத்த ஐஸ் துண்டைப் பசையின்மேல் தேய்த்து ஒட்டினாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் போய்விட்டாள்.

செவிலி அவளுடைய பொருட்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். செருப்பு, கண்ணாடி, போன், உறை. உறையை அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் நடக்காத ஒன்றுக்கு ஏ பிளஸ் இருந்தது. மூன்று வருடம் கழித்து அப்பாவும் அண்ணனும் படித்துவிட்டு அவனைப் பார்ப்பார்கள்.

ஐந்தரைக்கு வரிசை மெலிந்தது. கேஸ் கண்ணைக் காட்டினான். இருவரும் பின்பக்கம் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். ஏரிக்காற்று இன்னும் குளிராகத்தான் அடித்தது. கேஸ் சிகரெட் பற்றவைக்க நாலு தீக்குச்சி செலவழித்தான்.

"விட்டுட்டேன்னு அவகிட்ட சொன்னேன்," என்றான். "செத்த பிறகும் திட்டுவா."

"திட்டுவா."

"மச்சான், ஒண்ணு காட்டணும். காட்டவா வேணாமான்னு மூணு நாளா யோசிக்கிறேன். எனக்கு யோசிக்க வராதுன்னு உனக்கே தெரியும்."

போனை நீட்டினான். பெர்னியிடமிருந்து வந்த செய்திகள். வெள்ளிக்கிழமை, இரவு எட்டு ஐம்பத்திரண்டு.

பன்ட்டரா?? ரெண்டாவது ரவுண்டுலயா?? மேனேஜர் வீட்டு அட்ரஸ் எடு. நான் சாகறதுக்குள்ள அவனைப் பாக்கணும்.

அடுத்தது, எட்டு ஐம்பத்துமூன்று.

பக்கத்து ரூம் தாத்தா பன்ட்டரான்னு கத்தின கத்துல நர்ஸ் ஓடினா. தூங்கற மாதிரி படுத்துட்டே கேட்டேன். கால்வின் டிப்டன்னு சொல்றான். முகத்துல ஒரு இதுவும் இல்லாம சொல்றான் பாரு. அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத. ஐஸ் எடுக்கப் போயிருக்கான். நான் மார்க் எழுதணும்.

கால்வின் இரண்டு தடவை படித்தான். கேஸ் வேறு பக்கம் பார்த்துப் புகை விட்டுக்கொண்டிருந்தான்.

"நான் ஐஸ் எடுக்கப் போனப்பவா?"

"ஆமா, போட்டிருக்காளே."

"அப்ப இன்னும் எழுதல."

"எதை?"

கால்வின் மறுபடி போனைப் பார்த்தான். எழுதணும் என்றுதான் போட்டிருந்தாள். அப்படியென்றால் உறைக்குள் இருப்பது ஏ பிளஸ் இல்லை. தெரிந்துகொண்ட பிறகு, அவன் திரும்பி வருவதற்குள், ஏதோ எழுதியிருக்கிறாள். அது அவனுக்குத் தெரியாது. இரண்டு மணியிலிருந்து எல்லோரிடமும் தெரியாது என்று சொன்ன பொய் இப்போது உண்மையாகிவிட்டது.

"எத்தனை மணிக்கு மூடுவாங்க?" என்றான்.

"இங்க ஆறு மணிக்கு. பெட்டியை நாளைக்குக் காலைல. நாம வர்றதுக்கு முன்னாடியே மூடிட்டுத்தான் சர்ச்சுக்கு எடுப்பாங்க. அப்பாதான் அப்படிச் சொல்லிட்டாரு, மூடறதைப் பாக்க முடியாதுன்னு. ஏன்டா?"

கால்வின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.

கூடத்தில் ஃப்ளோரியன் மட்டும் இருந்தார். முதல் வரிசை நாற்காலியில், தொப்பியை முழங்காலில் மாட்டி உட்கார்ந்திருந்தார். இல்லத்து ஆள் ஒருவர் பூக்கூடைகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தார். கால்வின் பெட்டியருகே போய் நின்றான். வெள்ளை ஓரம்கூட இப்போது தெரியவில்லை. அவனே உள்ளே தள்ளியிருந்தான்.

கையை நீட்டினான்.

"என்னப்பா பண்ற?"

"உறையை எடுக்கறேன்."

ஃப்ளோரியன் எழுந்தார். பூக்கூடைக்காரர் ஒரு கூடையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"போட்டதை எடுக்கறதா? பெட்டிக்குள்ள வச்சதை?"

"ஆமா."

"காலைல யோசிச்சாச்சுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அதுல என்ன இருக்கு?"

"தெரியாது," என்றான் கால்வின். "நெஜமாவே தெரியாது."

கிழவரின் தாடை அசைந்தது. அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. வண்டி ஓட்டிய காலத்திலும் அப்படித்தான் என்று பெர்னி சொல்லியிருக்கிறாள். ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே தெரு முழுக்கப் போவாராம். இங்கே ஹார்ன் இல்லை. தொப்பியைக் கையில் சுற்றினார்.

"என் பொண்ணுக்கு நான் குடுத்தது அது."

"மூணு வருஷம் ஆகலையே," என்றான் கால்வின்.

ஃப்ளோரியன் அவனைப் பார்த்தார். பின்கதவருகே வந்து நின்றிருந்த கேஸைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார், நிறைய நேரம். கூடத்துக்கு வெளியே யாரோ காபிக் குடுவையைக் கழுவும் சத்தம் கேட்டது.

"ஆகல," என்றார்.

தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். ஜெபமாலையோடு சேர்த்து மகளின் இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கிப் பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடு. சீக்கிரம் எடு."

கால்வின் எடுத்தான். அவர் கைகளைப் பழையபடி வைத்தார். ஒரு மணி புரண்டிருந்தது. அதைச் சரிசெய்தார்.

வீட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்றான். கேஸ் கூட வரப் பார்த்தான். வேண்டாம் என்றான். "அப்ப சாப்பிடு," என்று கேஸ் ஒரு அலுமினியத் தட்டைக் காரின் முன்சீட்டில் வைத்தான். பியரோகி, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை. "இந்தத் தெருவுல இருக்கற எல்லாப் பொம்பளையும் செஞ்சு குடுத்தாச்சு. எங்க வீட்ல வைக்க இடம் இல்ல."

கராஜ் கதவைத் தூக்கியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. சுவரில் மடக்கு நாற்காலிகள், பனிமண்வெட்டி. அதன் கீழே நீல ஐஸ்பெட்டி. ஆட்ட நாட்களில் மைதானத்துக்கு வெளியே கார்களுக்கு நடுவில் பெர்னி நாற்காலியில் உட்காரமாட்டாள். இந்தப் பெட்டியின் மேல்தான் உட்காருவாள். யாராவது பீர் கேட்டால் எழுந்திருக்க வேண்டியிருக்கும், அப்போது நாலு கேள்வி கேட்ட பிறகுதான் எழுந்திருப்பாள். பெட்டியின் மிச்ச இடத்தில் உட்கார்ந்து கால்வின் விடைத்தாள் திருத்துவான்.

திறந்தான். ஆட்டம் இல்லாத மாதங்களில் உறைகள் இதற்குள்தான் இருக்கும். மூன்று கட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு. மேலே இருந்தது போன சனிக்கிழமை திறந்திருக்க வேண்டியது. யாரும் திறக்கவில்லை. அதற்குக் கீழே அடுத்த வருடத்துக்கானது. அதற்கும் கீழே அதற்கடுத்ததற்கானது. ஒவ்வொரு கட்டிலும் அவளுடைய உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். மூன்றிலும் அதே வரி.

அப்பா, கேஸ், நான்.

கோட்டுப் பையிலிருந்து கடைசி உறையை எடுத்தான். முன்பக்கம் வழக்கமான வரிதான், எழுத்து மட்டும் கீழே சரிந்திருந்தது. திருப்பினான்.

அப்பா, கேஸ், கால்வின்.

பசை ஒட்டிய இடத்தில் தாள் சுருங்கியிருந்தது. ஐஸ் பட்ட இடம். கட்டைவிரலால் தடவினான். காய்ந்திருந்தது. மூடியின் ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை. நகத்தை உள்ளே விட்டால் போதும், வந்துவிடும். நகம் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு அந்த மூலையை அழுத்திவிட்டான். மூன்று கட்டுகளையும் வெளியே எடுத்து, இதை அடியில் வைத்து, வரிசை மாறாமல் மேலே அடுக்கினான். மூடியைச் சாத்தினான்.

பெட்டியின் மேல் உட்கார்ந்தான். இடது ஓரமாக, அவன் எப்போதும் உட்காரும் இடத்தில்.