குறிப்பிடத்தக்க குறைவு

முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியா எங்கள் கல்லூரிக்கு ஒரு பரிசு தந்தது. வாங்கியவன் கனகசிங்கம், வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருப்பவன். ஊர் வெல்லாவெளிப் பக்கம்.

அவன் தங்கை புஸ்பம் காய்ச்சலில் கிடந்தாள். கொயினா மருந்து வண்டி கிழமைக்கொரு தடவை ஊர் எல்லைக்கு வெளியே வந்து நிற்கும். கிழமைக்கு இரண்டு தடவை வந்தால் அவள் தப்புவாள் என்று நம்பினான். ஆங்கில ஆய்வுக் கட்டுரைப் போட்டிக்கு நடுவர் அந்த வண்டியை அனுப்பும் ஆசுபத்திரிப் பெரிய டொக்டர்தான் என்றதும், ஊர்க் காய்ச்சலைப் பற்றியே எழுத உட்கார்ந்தான்.

சித்திரையில் வண்டிக்கு நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். வைகாசியில் பாதிகூட இல்லை. வைகாசி கண்ணகி அம்மன் சடங்கு. சடங்கு முடியும்வரை அவன் ஊரார் எல்லை தாண்டார்கள். காய்ச்சல்காரரும் வேப்பிலையோடு வீட்டில் கிடப்பார்கள். ஆகவே, ‘வந்தவர் தொகை குறைந்தது, காய்ச்சல் குறைந்ததா என்று சொல்ல இயலாது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

ஆங்கிலம் படிப்பிக்கும் நல்லரத்தினம் மாஸ்டர் சிவப்பு மையோடு பாய்ந்தார்.

“சொல்ல ஏலாதெண்டா என்னத்துக்குடா எழுதின நீ?”

“சடங்குக் காலம் சேர். ஆக்கள் வெளிய வரமாட்டாங்க.”

“வெள்ளைக்கார டொக்டருக்கு அம்மனைக் காட்டப் போறியோ? ‘காய்ச்சலில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்பட்டது’ எண்டு போடு. ஆராய்ச்சி இங்கிலீசெண்டா அப்பிடித்தான். இல்லாட்டி இது போட்டிக்குப் போகாது.”

போகாவிட்டால் டொக்டருக்கு அந்த ஊரின் பெயரே தெரியாது. கனகசிங்கம் மாற்றினான்.

“மறுகா டொக்டர் அதை நம்பினா?” என்றேன்.

“கடைசிப் பந்தியில கிழமைக்கு ரெண்டு வண்டி கேட்டிருக்கன் மச்சான்.”

கட்டுரையின் அந்தக் கடைசிப் பந்தியையும் மாஸ்டர் வெட்டினார். குறைவு என்ற முடிவுக்கு அது பொருந்தவில்லையாம். நியாயந்தான்.

பரிசளிப்பில் டொக்டர் கட்டுரையை வெகுவாகப் புகழ்ந்தார்; கனமான அகராதி ஒன்று கொடுத்தார். அடுத்த கிழமை கொயினா வண்டியைக் காய்ச்சல் உள்ள வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார். அகராதியில் கொயினாவுக்குப் பொருள் இருந்தது. வீட்டில் கொயினா இல்லை. ஆடி பிறந்து புஸ்பம் செத்துப்போனாள்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து கனகசிங்கம் வகுப்புக்கு வந்தான். மாஸ்டர் அனுதாபம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“டொக்டர் அடுத்த கட்டுரை கேக்கிறார். போன மாசம் உன்ர ஊரில மருந்துக்கு எத்தினை பேர் வந்த?”

“ஒருத்தரும் வரயில்ல சேர். வண்டியே வாறயில்ல.”

“ஒருத்தருமில்லையா!” மாஸ்டரின் முகம் மலர்ந்தது. “அப்ப பூச்சியம்!”

கனகசிங்கம் பேனாவை எடுத்தான். ஊரில் காய்ச்சல் முற்றாக ஒழிந்தது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது என்று, நல்ல ஆங்கிலத்தில், அங்கேயே நின்று எழுதினான்.

மாஸ்டர் சிவப்பு மையைத் திறக்கவேயில்லை.