பின்னால் பார்த்துப் போனவர்

"காலு முன்னாடி!" என்று யூலாலி கத்தியபோது ஸ்ட்ரெச்சர் பாதி திரும்பியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சாவு வீட்டில் யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. காலையிலேயே வந்து, சாவு வழக்கப்படி நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடி, கடிகாரத்தை நிறுத்தி, யாரோ கொண்டுவந்த கோழி வறுவலில் ஒரு துண்டை ருசி பார்த்து, அதிகாரத்தை அவளே எடுத்துக்கொண்டாள்.

"தல முன்னாடி போகட்டும்," என்றாள் செத்தவரின் மனைவி அர்ஸீலியா.

சவ அடக்கக்காரரின் ஆட்கள் இரண்டு பேரும் லூஷியஸ் டாலிவரின் உடலைத் தூக்கியபடி நின்றார்கள். வாசற்கதவைப் பிடித்திருந்த மகள் வெர்னிட்டா அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தாள்.

எங்கள் தெருவில் எந்தப் பிணமும் தலை முன்னால் போனதில்லை. போனால் அதன் கண் வீட்டைப் பார்க்கும். கண்ணில் படுகிற ஆளை வருஷம் திரும்புவதற்குள் கூப்பிட்டுக்கொள்ளும். பள்ளியில் அறிவியல் நடத்தும் வெர்னிட்டா இதையெல்லாம் நம்பாதவள்; நம்பாததைச் சர்ச்சிலேயே சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவள். ஆனால் போன ஏப்ரலில் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து பிழைத்ததே பெரிய பாடு. இப்போது அம்மா சமையலறை வாசலில், ஸ்ட்ரெச்சருக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்.

"அம்மா, நீ கொஞ்சம் உள்ள போயேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நல்ல சயன்ஸ் டீச்சர்டி நீ."

"புள்ள சொல்றதக் கேளுக்கா," என்றாள் யூலாலி. "வேணும்னே போய் எதுக்க நிக்கிறியே!"

"அந்த மனுஷன் இந்த ஊர விட்டு என்னைக்காவது முன்னாடி பாத்துப் போயிருக்காரா?"

யூலாலி நிலைக்கண்ணாடித் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

இருபத்தாறு வருஷம் அவர் சிகாகோவிலிருந்து மேற்கே போகும் ரயில் வண்டியின் கடைசிப் பெட்டியில் பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் வேலை பார்த்தார். வால்புறம் வளைந்த கண்ணாடி. வெள்ளைக்காரப் பயணிகள் மெத்தை நாற்காலியில் சாய்ந்து, ஓடி மறையும் தண்டவாளத்தைப் பார்ப்பார்கள். அவரை ஜார்ஜ் என்று கூப்பிடுவார்கள். அந்த வேலையில் இருந்த கறுப்பர் எல்லாருமே அவர்களுக்கு ஜார்ஜ்தான். உட்கார அவருக்கு அனுமதியில்லை. நாலே காலுக்கு வண்டி இந்த வீட்டுக் கொல்லையைக் கடக்கும். வேலி ஓரம் அர்ஸீலியா பாத்திரம் துடைக்கும் துண்டை ஆட்டுவாள். அவர் கண்ணாடியைத் துடைப்பார். என்ன சுத்தமான ஆள் என்று பயணிகள் நினைத்திருப்பார்கள்.

அப்புறம், ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெட்டியை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டுவது வீண் வேலை என்று மேலே யாருக்கோ தோன்றியது. வண்டியின் நடுவில் செருகிவிட்டார்கள். கண்ணாடிக்கு எதிரே சாமான் பெட்டியின் இரும்புச் சுவர். அப்போதும் நாலே காலுக்கு அவர் கண்ணாடியைத் துடைத்தாராம். மண்டை குழம்பிவிட்டது என்று தெருவுக்குச் சொன்னவள் யூலாலிதான். இரண்டு வருஷத்தில் பெட்டியையே நிறுத்தினார்கள். அவரும் வீட்டோடு வந்து சேர்ந்தார்.

"மேடம், கை வலிக்குது," என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

வெர்னிட்டா கதவை அகலத் திறந்தாள். "திருப்புங்க."

"ஐயோ ஏசுவே," என்று யூலாலி சுவரோரம் ஒதுங்கினாள்.

வெர்னிட்டா போய் அம்மாவுக்கு முன்னால், அவளை மறைத்தாற்போல் நின்றுகொண்டாள். அர்ஸீலியா மகளின் தோளைப் பிடித்து ஓரடி நகர்த்தினாள். பிறகு நடந்து போய், முகத்தை மூடியிருந்த துணியை மார்புவரை இறக்கிவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பினாள். தலை முன்னால் போயிற்று. படியிறங்கும்போது முன்னால் போனவன் தலைப்பக்கத்தை உயர்த்த, முகம் ஒரு கணம் வீட்டை நோக்கி நிமிர்ந்தாற்போல் இருந்தது. வெர்னிட்டா கீழே பார்த்தாள்.

அவரை ஏற்றிய கார் போயிற்று. கோழி ஆறிக்கொண்டிருந்தது. கடிகாரம் நின்றிருந்ததால் வண்டியின் ஊதல் கேட்டுத்தான் நாலே கால் என்று தெரிந்தது. அர்ஸீலியா துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெர்னிட்டா பின்னாலேயே ஓடினாள்.

பெட்டிகள் கடந்தன. கடைசியில் ஜன்னலே இல்லாத சாமான் பெட்டி. அதுவும் போய்விட்டது. வெறும் தண்டவாளம்.

அம்மாவின் துண்டு இறங்கவில்லை. இன்னும் ஒரு பெட்டி கடக்கிற நேரம் ஆடியது. பிறகு, யாரோ கூப்பிட்டதற்குச் சரி என்பதுபோல், அவள் தலையசைத்தாள்.