ஓரம்வரை ஓட்டாத மேசை

1

இந்தக் கதை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. என் சமையலறையை ஒட்டி ஒரு பட்டறை. அங்கே பேசுவது கேட்கும், நடப்பது தெரியாது. எனக்கு அது போதும். கதைகள் எனக்கு எப்போதும் பேச்சாகத்தான் வருகின்றன.

பேசியவர்கள் அண்ணியும் கொழுந்தனும். இரும்பை மேசையில் பூட்டிச் செதுக்குகிற மில்லிங் மெஷினை ஓட்டுகிறவள் அண்ணி. (முதலில் இப்படித் தொடங்கினேன்: "தேய்ந்த இரும்பைப் போலவே உறவுகளும்—" அடித்துவிட்டேன். இரும்பு தேய்ந்தால் இரும்புதான் தேய்ந்தது.)

2

விஷயம் இதுதான். மெஷினின் மேசையை நகர்த்தும் நீள ஸ்க்ரூவும், அதைக் கவ்வியிருக்கும் நட்டும் தேய்ந்துபோயின. கைப்பிடியைச் சுற்றினால் மேசை யோசித்துவிட்டுத்தான் நகரும். இரண்டையும் தனியாளாக மாற்றிக் காட்டினால் பட்டறைச் சாவியும் பொறுப்பும் கொழுந்தனுக்கு என்று அண்ணி வாக்குக் கொடுத்திருந்தாள். மாற்றிவிட்டேன் என்கிறான்.

"பழைய ஸ்க்ரூ எங்க தம்பி?"

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சு அண்ணி."

"அதுக்குள்ளயா? இங்க உடைஞ்ச போல்ட்டெல்லாம் பேரன் பேத்தி எடுத்துட்டுக் கெடக்கு. அதுக்கு மட்டும் கால் மொளச்சிருச்சா?"

"இடத்த அடைக்குதுன்னு நீங்கதானே திட்டுவீங்க?"

"நான் திட்டி என்னைக்கு நீ கேட்டிருக்க?"

3

இவனை நான் நம்பவில்லை. பதில்கள் மிகச் சீக்கிரம் வருகின்றன. உண்மை சொல்கிறவன் ஒரு தடவையாவது "என்ன?" என்று கேட்பான்.*

*இந்த விதியையும் முழுதாக நம்ப வேண்டாம். என் தங்கை எதற்கும் "என்ன?" என்பாள். அவள் வாயைத் திறந்தால் பொய்.

அண்ணிக்குத் தெரிந்த ஒன்று உங்களுக்கும் தெரிய வேண்டும். ஸ்க்ரூ நடுவில்தான் தேயும், தினமும் வேலை நடப்பது அங்கேதான். ஓரங்கள் தேயாமல், பழைய தடிமனோடு புதுசாகவே இருக்கும். பழைய ஸ்க்ரூவில் புது நட்டைப் போட்டு, நடுவில் ஆட்டம் இல்லாதபடி இறுக்கிவிட்டால் அங்கே மேசை பதவிசாக ஓடும். ஓரத்துக்குப் போனால் சிக்கிக்கொள்ளும், ஸ்க்ரூ மாறவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

"சுத்திப் பாருங்க. ஆட்டம் இருக்கா?"

"நடுவுல இல்ல. அருமையா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"ஓரத்துக்கு ஓட்டிப் பாக்கறேன்."

"ஓரத்துக்கு வேணாம் அண்ணி."

"ஏன்?"

அப்போது பார்த்துக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் அலற ஆரம்பித்தது. யார் போட்டது என்றும் தெரியவில்லை.

4

அந்தச் சத்தத்தில் அவன் பதில் என் காதில் விழவில்லை, நானேதான் எழுத வேண்டியிருந்தது.

ஒன்று: "புது ஸ்க்ரூவுல புரி மாறி வந்துருச்சு அண்ணி. முன்னாடி போகணும்னு சுத்தினா மேசை பின்னாடி வருது. வெக்கமா போச்சு. பழசையே பூட்டிட்டேன்." நீளம் பார்த்தான், தடிமன் பார்த்தான், ஸ்க்ரூவின் மேல் வரிவரியாக ஓடும் புரி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. அவ்வளவு பொருத்தமாக இருப்பதால் எனக்கே சந்தேகம்.

இரண்டு: "ஓரத்துல நிறுத்துற கட்டைய இன்னும் பூட்டல. மேசை நட்ட விட்டே வெளிய வந்துரும்." இதுவும் நடக்கிற காரியம்தான்.

மூன்றாவதில் அவன் அழுகிறான். பாதியில் நிறுத்திவிட்டேன். அழுகிறவனைச் சந்தேகப்பட எனக்கு வராது, அதற்காகவே அழுதாலும்.

5

கம்ப்ரஸர் நின்றபோது இருவரும் பேசவில்லை. பேச்சில்லாத இடத்தில் எனக்குக் கதை ஓடாது. அண்ணியின் ஒரு கை கைப்பிடியில், மறு கையில் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்தால், மேசை சிக்கினாலும் சிக்காவிட்டாலும், அவன் இனி அவளிடம் பழைய மாதிரி பேச மாட்டான். ஓட்டாமல் சாவியைக் கொடுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. இதை முடிக்க என்னால் ஆகாது, அவள் இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள்.

ஓட்டுவதென்றால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரத்தில் கட்டை இல்லை என்று அவன் உண்மையைச் சொல்லியிருக்கவும் கூடும்.