வெடித்த தளத்தின் முகவரி

நியாஸ் அகமது பாயின் தறிக்கூடத்துக்குப் புதுத் தளம் போட மூன்று பேர் விலை கொடுத்திருந்தோம். என் விலைதான் அதிகம். மாரிக்கண்ணன் சொன்ன விலைக்கு இறங்கி வந்தால் வேலை எனக்கு, இல்லையென்றால் அவனுக்கு என்று பாய் முடித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். கரிசல் மண்ணுக்கு மேல் அந்த விலைக்குத் தளம் போடலாம், யார் இல்லை என்றது? ஒரு மழை பெய்தால் வெடித்துவிடும். அதை நான் சொன்னால் பொறாமை என்பார்கள்.

ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டும். பத்து வருடமாக என்னோடு காங்கிரீட் போடுகிற பதினோரு பேர், கொத்தனார் வெள்ளத்துரை முதற்கொண்டு, திங்கட்கிழமை ரயிலில் கேரளாவுக்குக் கிளம்பப் பையைக் கட்டிவிட்டதாகச் சொன்னார்கள். போனால் திரும்ப மாட்டார்கள். ஆள் இல்லாமல் நான் கலவை மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்ய, துணி காயப்போடவா?

விலையைக் குறைப்பதில்லை, வேலையை விடுவதும் இல்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு, வியாழக்கிழமை காலையில் தறிக்கூடத்திலேயே போய் உட்கார்ந்தேன். தரையில் வைத்த டீ தளும்பிக் கொட்டியது. பதினாறு தறியும் ஆடின. தறி ஓட்டுகிற கோமதித்தாய், நூல் அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டே பொழுது போகிறது என்றாள். அதைவிட ஒன்று சொன்னாள். தளம் போட ஒரு மாதம் கூடத்தை மூடினால், தான் வேறு கூடத்துக்குப் போய்விடுவாளாம். அவள் மட்டுமல்ல, எல்லாருமே.

அடப்பாவமே, இதை நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவே இல்லை. சதுர அடிக்கு எவ்வளவு என்றே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். பாய்க்கும் என் கதிதான், ஆள் போய்விட்டால் தறி வெறும் பழைய இரும்பு.

அன்று மாலையே புது மதிப்பீடு எழுதிக் கொடுத்தேன். விலை அதேதான். ஆனால் நாலு நாலு தறியாகத்தான் நிறுத்துவேன், மற்ற பன்னிரண்டும் ஓடும். அதிர்வு புதுத் தளத்துக்குப் போகாதபடி பழைய தளத்தை அறுத்துப் பிரிப்பேன். தூசி நூலில் படாமல் தார்ப்பாய் கட்டுவேன். கரிசலைத் தோண்டியெடுத்துவிட்டுச் சரளை போட்டு இடித்து இறுக்கிய பிறகுதான் காங்கிரீட்.

பாய் இரண்டு தடவை படித்தார். நீ போட்ட தளத்தில் நல்லதாக ஒன்றைக் காட்டு என்றார். நான் ஒரே ஒரு முகவரிதான் கொடுத்தேன். திருவேங்கடத்தில் சாம்சன் அண்ணாச்சியின் வத்தல் குடோன்.

"அது நான் போட்டு வெடிச்ச தளம் பாய். வேலையப் பிடிக்கணும்னு ரேட்டக் கொறச்சேன், கரிசலத் தோண்டாமப் போட்டேன். அவர்ட்டயே கேளுங்க."

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார். இருக்கலாம். ஆனால் அந்தக் குடோனை நானே உடைத்து, என் நகையை வைத்து மறுபடி போட்டுக் கொடுத்தது எனக்குத் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாய் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

"மாரிக்கண்ணன் பத்து அட்ரஸ் குடுத்தான், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போனா என்ன செய்வான்னு அதுல எங்கன தெரியும்? ஒன் அட்ரஸ்ல தெரிஞ்சிட்டு" என்றார். பிறகு, "மொதல்ல எந்த நாலு தறிய நிறுத்தச் சொல்லுத?" என்று கேட்டார்.

தெற்கு ஓரம் நாலு என்றேன். அவர் போனதும் வெள்ளத்துரைக்குப் போன் போட்டேன்.

"ஏலே, பைய அவுத்து வையி. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கடப்பாறையோட வா."


பையை இன்னும் கட்டவே இல்லையக்கா என்றான்.