நியூகாசிலில் ஒரு பிள்ளை

...பேர் வைக்க வேண்டும், அதுவும் மத்தியானத்துக்குள், என்ன அநியாயம் இது, பெற்றவளுக்கே ஒன்பது மாதம் தவணை உண்டு, பெறாதவளுக்கு ஒரு காலைப்பொழுதுதானா என்று நினைத்துக்கொண்டே தேவகனி பாங்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள், உள்ளே ஏசி பல்லைக் கிட்ட வைத்தது, வெளியே பங்குனி முடியும் முன்பே பர் துபாய் வெந்துகொண்டிருந்தது, பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தபோது காலையில் படிக்கட்டில் ஜலஜா வழிமறித்தது மறுபடி காதில் ஓடியது. "சிஸ்டர், அடுத்த வாரம் நாங்க லண்டன் போறோம், தெரியுமோன்னோ? இவருக்கு பாங்க்லேர்ந்து டிரெயினிங். உங்க பிள்ளையைப் பார்க்காம வரமாட்டேன். பேரும் அட்ரஸும் மட்டும் சொல்லுங்கோ, முறுக்கு சுத்தி எடுத்துண்டு போறேன்." மூன்றாம் மாடி ஜலஜா, சேதுமாதவனின் மனைவி, முறுக்கு சுற்றுவதாகச் சொன்னால் சுற்றியே விடுவாள், அதுதான் பயம். "பாங்குக்குப் போயிட்டு வந்து சொல்லுதேன்" என்று இவள் நழுவப் பார்க்க, பாங்கு என்றதும் அந்த முகம் எப்படிக் குழைந்தது! "தெரியும் சிஸ்டர், எல்லாம் தெரியும். மத்தியானம் சாப்பாடு நம்மாத்துலதான்." தெரியுமாம்... என்ன தெரியும்? இல்லாத பிள்ளையைத் தெரியும்.

இதற்கெல்லாம் மூலம் சேதுமாதவன். பாங்கில் வேலை செய்கிறவன் வாடிக்கைக்காரர்கள் சமாச்சாரத்தை வீட்டில் பேசக்கூடாதுதான், ஆனால் பாலைவனத்தில் புருஷன் பெண்டாட்டி காபி நேரத்தில் வேறு எதைத்தான் பேசுவார்கள், மழை வருமா என்றா? கீழ்வீட்டு சிஸ்டர் வருஷா வருஷம் இங்கிலாந்துக்கு டிராஃப்ட் எடுக்கிறாள், நியூகாசில் என்று ஒரு ஊர், சோஷியல் டிபார்ட்மென்ட் பேருக்கு என்று அவன் சொல்லியிருக்கிறான், ஜலஜா அதை வாயில் போட்டு அரைத்து, சோஷியல் டிபார்ட்மென்ட் என்றால் அங்கே தகப்பன் இல்லாத குழந்தைகளை வளர்க்கிற ஆபீஸ்தானே, அடடா, சிஸ்டருக்கு அப்படி ஒரு கதையா, அதனால்தான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லையா என்று உருட்டித் திரட்டி, சாயங்காலத்துக்குள் மாடி மாடியாகப் பரிமாறிவிட்டாள். தேவகனிக்கு அது வந்து சேர்ந்தது எண்ணெய்க் கிண்ணத்தோடு. எதிர்வீட்டு நஸீரா, காயல்பட்டினத்துக்காரி, கருஞ்சீரக எண்ணெயை நீட்டி, "பிள்ளைக்கு அனுப்புங்க லாத்தா, அந்த ஊர்க் குளிருக்கு நெஞ்சுல தேச்சா நல்லது" என்றாளே, அப்போது சொல்லியிருக்கலாம், பிள்ளையும் இல்லை கிள்ளையும் இல்லை, அது என் பென்ஷன் என்று. ஏன் சொல்லவில்லை? வாய் திறந்தது, அதிலிருந்து வந்தது என்ன தெரியுமா, "ஆமா, இருமல்னுதான் எழுதியிருக்கு." பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அந்த எண்ணெயைத் தன் நெஞ்சிலேயே தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

இங்கிலாந்தில், லீட்ஸில் அவள் நர்ஸாக இருந்த ஒன்பது வருஷமும் வாரா வாரம் ஒரு அட்டையில் ஸ்டாம்பு ஒட்டுவார்கள், சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, அறுபது வயதில் சர்க்கார் பென்ஷன் என்று. துபாய் ஆஸ்பத்திரி ஆள் எடுக்க வந்தபோது கிளம்பி வந்தாள், அப்போது பென்ஷன் கணக்கு வைக்கிற நியூகாசில் ஆபீஸ்காரன் எழுதினான், நீ வெளிநாடு போனாலும் விருப்பப்பட்டால் தொடர்ந்து கட்டலாம், கட்டாயமில்லை, விட்ட வருஷத்துக்குத் தகுந்தாற்போல் பென்ஷன் குறையும், அவ்வளவுதான். வாலண்டரி என்று போட்டிருந்தான். அவளுக்கு அந்த வார்த்தை தசைப் பாடத்தில் படித்தது, கை கால் நாம் அசைத்தால் அசையும், வாலண்டரி, நெஞ்சு கேட்காமலேயே அடித்துக்கொள்ளும், அது வேறு. இந்தப் பணம் கட்டுவது கை கால் ஜாதி, வருஷா வருஷம் அவளே அசைக்க வேண்டும், அசைக்காவிட்டால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது. தம்பி யேசுராஜ் மட்டும் உவரியிலிருந்து கேட்டான், வெள்ளைக்காரனுக்கு எதுக்குக்கா அழுத, இங்க மாடி எடுப்போம், ஒனக்குன்னு ஒரு ரூம் போட்டுருவோம்... போட்டான், பாவம். போன லீவில் போனபோது அந்த ரூமில் அவன் மருமகள் புடவை கொடியில் தொங்கியது, அக்காவுக்குக் கட்டிலைக் கூடத்தில் விரித்தார்கள், பிள்ளைகள் அவளைத் தாண்டித் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தன. ஊரிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து யோசனைதான், அந்த யோசனையிலேயே இந்த வருஷத்துப் பணத்தைக் கட்டாமல் இழுத்தடித்து, இன்றைக்குக் கடைசிக்கு வந்து நிற்கிறது, நாளை வெள்ளி, பாங்கு கிடையாது, அதற்கப்புறம் அனுப்பினால் அங்கே ஏற்கமாட்டார்கள்.

ஒரு பட்டாணியன் அவள் பக்கத்தில் உட்கார வந்து, பெண் என்று பார்த்ததும் ஐந்து ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான்... மரியாதைதான். எல்லோரும் அவளுக்கு மரியாதைதான் கொடுத்தார்கள். ஊசி போட வேண்டுமா, சிஸ்டர் வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டுமா, சிஸ்டர் வேண்டும், கட்டடத்தில் எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவன் கேன்டீனில் தின்றுவிட்டு வந்து வீட்டில் பத்தியம் என்று நடிக்கிறான், நான்காம் மாடி கோபாலசாமி பெண்டாட்டி ஊரில் இருக்கும்போது யாருக்காகப் பாட்டுக் கேசட் வாங்குகிறான், அத்தனையும் அவளுக்கு அத்துப்படி, சமையலறை ஜன்னல் அப்படிப்பட்ட ஜன்னல், ஆனால் உள்ளே வாங்க, உட்காருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க என்று யாராவது சொன்னதுண்டா? ஊசி போட்டதும் கையில் சில்லறையைத் திணிப்பார்கள், கதவு சாத்தும். பிள்ளை வந்த பிறகல்லவா சாம்பார் வந்தது, கொலுவுக்கு அழைப்பு வந்தது, ஈத் பிரியாணி தட்டு மூடி வந்தது! பழி சொல்லி ஒதுக்குவார்கள் என்று பார்த்தால், அழுவதற்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் கதவைத் தட்டி, லெட்டர் வந்துதா, பிள்ளை சௌக்கியமா... ஒரு நாள் யாரும் கேட்கவில்லை என்றால் இவளுக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது, வெட்கக்கேடு.

சரி, மத்தியானம் ஜலஜாவிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் திட்டமாட்டாள், அவள் திட்டுகிற ஜாதி இல்லை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பென்ஷனா? அவ்வளவுதானா!" என்பாள். அந்த அவ்வளவுதானாவைத்தான் தாங்க முடியாது. அல்லது வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம், ஸ்காட்லாந்து, வெகுதூரம்... ஜலஜா ரயிலேறிப் போவாள். அல்லது, நர்ஸுக்கா வழி தெரியாது, நிமோனியா என்று ஒரு தந்தி... சீ, கர்த்தாவே, என்ன புத்தி இது. ஆனால் எல்லோரும் வருவார்கள் இல்லையா, நஸீரா மடியில் தலையைச் சாய்த்துக்கொள்ளச் சொல்வாள், ஜலஜா காபி ஆற்றிக் கொடுப்பாள், ராத்திரி துணைக்கு யாராவது படுத்துக்கொள்வார்கள்... அந்த நினைப்பில் கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்துவிட்டதைக் கண்டு அவளுக்கே உடம்பு கூசியது. இல்லை, உண்மைதான் சொல்ல வேண்டும். இங்கேயே, இவனிடமே சொல்லிவிட்டால் என்ன? பரப்பினவன் வாயாலேயே திரும்பிப் போகட்டும்.

டோக்கனைக் கூப்பிட்டார்கள். சேதுமாதவன் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றே வரவேற்றான், "வாங்கோ சிஸ்டர். ஜலஜா சொன்னாளா? நான் டிரெயினிங்ல இருந்தாலும் அவ போய்ப் பார்த்துடுவா, கவலைப்படாதேங்கோ." இவள் கடைசித் தேதி சங்கதியைச் சொன்னாள். அப்படியானால் டிராஃப்ட் தபாலில் போய்ச் சேராது, இன்றைக்கே பாங்கின் டெலக்ஸில்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் பேனாவை எடுத்தான், பக்கத்துக் கவுண்டரைப் பார்த்தான், குரலை இறக்கினான். "இத்தனை நாள் டிராஃப்டோட நீங்களே லெட்டர் வெச்சு அனுப்பிட்டேள், எனக்கு அவசியப்படலை. இதுல பேர் போட்டாகணும் சிஸ்டர். யாருக்கு வரவு வெக்கறதுன்னு தெரியணுமோல்லியோ?"

"தேவகனி" என்றாள். கண்ணாடியில் தன் மூச்சு படிவது தெரிந்தது. "எம் பேருதான் சார். தேவகனின்னே எழுதுங்க."

பேனா நின்றது. சேதுமாதவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை அவள் பார்த்தாள், அது புரிந்துகொண்டவனின் மலர்ச்சி, அதுதான் விபரீதம். "அம்மா பேரே வெச்சிருக்கேளா! அப்போ பொண்ணா? நாங்க இத்தனை நாளா பையன்னே நெனச்சிண்டிருந்தோம்." அவன் தேவகனி என்று எழுத்துக் கூட்டி எழுதினான், அழகான கையெழுத்து. "எப்படி இருக்கா சிஸ்டர்? நன்னா இருக்காளா?"

நான்தான் சார் அது, வேறு யாருமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், பின்னாலிருந்து பட்டாணியன் "ஜல்தி, சிஸ்டர்" என்று முனகினான், சொல்வதற்குள் அந்தக் கேள்வி உள்ளே இறங்கிவிட்டது, எப்படி இருக்கிறாள்... எவள்? மழையில் நனைந்த ஏதோ ஒரு தெருவில், தபாலாபீஸ் வரிசையில், கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு அறுபது வயதில் ஒரு தேவகனி நிற்கிறாள், அவளுக்குத்தான் இத்தனை வருஷமும் தவறாமல் பணம் போகிறது, கட்டியாயிற்று கட்டியாயிற்று என்று இவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்துவிடுகிறாள், ஒரு நாளாவது அவளை நின்று பார்த்ததுண்டா? முழங்கால் வலிக்கிறதா, என்ன பொங்கித் தின்கிறாள், பென்ஷனை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டு அவள் திரும்பிப் போகிற வீட்டில் கதவைத் தட்டி எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒரு ஜலஜா உண்டா, எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு நஸீரா உண்டா... அதற்கு எந்த ஆபீஸில் கட்டுவது?

"தெரியல சார்" என்றாள். "ஒண்ணுமே தெரியல."

சேதுமாதவன் தாளை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினான்.