அடிக்காத தமுக்கு

கொல்லம் ஆண்டு 1127 ஐப்பசி இருபத்தொன்றாம் தேதி மதியம் பெரியகுளத்துக் கரையில் நின்றவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி சிவதாணு, கிராமத்தின் வரி அதிகாரியான பார்வத்தியக்காரர் நீலகண்டன், தமுக்கு அடிக்கும் யேசுரத்தினம். தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லும் மற்றவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள்.

மூன்று நாளாக மழை. மடைக்குத் தெற்கே கரையின் அடியிலிருந்து கலங்கல் நீர் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் பருமன் மணிக்கட்டுப் பருமன் ஆயிற்று. கீழே, குளத்தைப் பார்த்தபடி கீழத்தெருவின் நாற்பது வீடுகள்.

குளத்துக்கு ஆபத்து வந்தால் தமுக்கு அடிக்கச் சொல்லும் உரிமை எங்கள் குடும்பத்தினுடையது. என் தகப்பனார் இரண்டு முறை அடிக்கச் சொன்னார். இரண்டு முறையும் கரை நின்றது.

"அடிக்கச் சொல்லும் வேய்," என்றார் நீலகண்டன். "ஆளுகள வெளியேத்தணும். நாளைக்குத் தாலுகாவுல நானாக்கும் பதில் சொல்லணும்."

யேசுரத்தினம் கோலை எடுத்தான்.

"இத அடிச்சா என்ன நடக்கும்லே?" என்று அவனைக் கேட்டேன்.

"வீட்டுக்கு ஒருத்தன் மம்பட்டியும் ஓலப்பெட்டியுமா கரையில மண்ணு போட ஓடி வருவான்."

"ஓடிப் போங்கன்னு சொல்ல ஒரு அடி உண்டா?"

அவன் யோசித்தான். "இல்ல பாட்டா. வான்னு சொல்லத்தான் எங்கப்பன் படிச்சுத் தந்தாரு."

காலடியில் மண் இளகியது. ஓடி வரும் நாற்பது பேரும் இந்த மண்மீதுதான் நிற்பார்கள்.

"அடிக்காண்டாம்," என்றேன்.

"அண்ணேன், கரையும் ஒடஞ்சு தமுக்கும் அடிக்கலன்னா நம்ம குடும்பத்துக்கு என்ன மானம் மிஞ்சும்?" என்றான் சிவதாணு.

"நீ வடக்கு வரிசைக்குப் போ. வீடு வீடா ஏறிச் சொல்லு."

தெற்கு வரிசைக்கு நான் போனேன். அந்தத் தெருவில் நான் அதுவரை கால் வைத்ததில்லை. முதல் வீட்டில் செல்லத்தாய் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிழக்கே பொத்தைக் குன்றின் உச்சிக்கு ஏறச் சொன்னேன்.

"தமுக்கு அடிக்கலியே," என்றாள். "அடிக்காம கரை ஒடையுமா? மழையில வழி தப்பி வந்துட்டேரோ?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். நான் நகரவில்லை. குடையில்லை, தோளில் நேரியல் இல்லை, முழங்கால் வரை சேறு. அவள் என் கால்களைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"ஏட்டி, எல்லாரும் எறங்குங்க. பாட்டா நம்ம வாசல்ல வந்து நிக்காருன்னா குளம் போயாச்சு."

அதன்பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவள் குரல் எனக்கு முன்னால் தெருவில் ஓடியது. நான் ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். கடைசி வீட்டுக் கிழவியை நீலகண்டன் தோளில் தூக்கிக்கொண்டு பொத்தை ஏறும்போது கரை போயிற்று.

முப்பத்தொரு வீடுகள், இரண்டு மாடு, ஏழு ஆடு. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. எங்கள் வயலில் இடுப்பளவு மணல்.

தமுக்கின் தோல் மழையில் நனைந்து ஓசை எழவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. குடும்பத்துக்கு இழுக்கு வரக்கூடாது என்று சிவதாணுதான் அதைப் பரப்பினான். அது பொய். யேசுரத்தினம் சாக்கில் பொதிந்து கொண்டுவந்த தோல் காய்ந்துதான் இருந்தது. அடிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.